நீர்ப்பையும் பிள்ளைப்பையும்

அவர் குப்பியை நிறைத்துக்கொண்டு வந்தார். சிக்கலே அதுதான்.

உத்தமபாளையம் ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னல். ஆடி மாதக் காற்று புழுதியையும் பழுத்த வேப்பம்பழங்களையும் வாரி உள்ளே போட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கம்பவுண்டர் ராவுத்தரும் நானும். அந்தப் பக்கம் ஓடைப்பட்டிச் சம்சாரி சுருளியாண்டி.

நீர் இறங்கவில்லை என்று அந்த வாரத்தில் அவர் வந்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை நீரைப் பெருக்கும் மருந்து கொடுத்தனுப்பினோம். இப்போது, "நேத்து ராத்திரியில இருந்து சுத்தமா இல்லைங்க. உயிரு போகுது" என்றார். ராவுத்தர் அதே மருந்தில் ஒரு மடக்கு குடிக்கவைத்து, வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, காலிக் குப்பி ஒன்றைக் கையில் கொடுத்தார். "சொட்டுப் போல வந்தாலும் இதுல பிடிச்சுக்கிட்டு வா."

சுவருக்குப் பின்னால் போனவர் போன வேகத்தில் திரும்பி, கழுத்துவரை நிறைந்த குப்பியை ஜன்னல் கட்டையில் வைத்தார். நுரைகூட அடங்கவில்லை.

ராவுத்தர் குப்பியைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இறங்கலைங்கிற ஆளு கண்மாயவே கொண்டாந்து வச்சிருக்கியே. இன்னும் இறங்குனா ஊரு தாங்குமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சுருளியாண்டி சிரிக்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்க வேர்த்தது.

அவரை அங்கேயே சற்று நிறுத்திவைக்கிறேன். நான் அந்த ஜன்னலுக்கு எப்படி வந்தேன் என்பதை முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

வருஷம் எது?

மதுரையில் பிரசவம் பார்க்கப் பயின்ற கதையைச் சென்ற வாரம் எழுதியபோது, ஒரு வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன் என்று கூடலூர் வாசகர் ஒருவர் கார்டு எழுதியிருக்கிறார். சரிபார்த்தேன். அவர் சொல்வதுதான் சரி. ஆகவே இந்த வாரம் வருஷமே போடப்போவதில்லை.

அடையாளம் மட்டும் சொல்கிறேன். மேற்கே மலைமேல் அணை எழும்பிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு மூட்டை ஏற்றிய வண்டிகள் கம்பம் பாதையில் இரவும் பகலும் போகும். ஆஸ்பத்திரி ஓடெல்லாம் வெள்ளை படிந்திருக்கும். அந்தத் தண்ணீர் நம் பக்கம் திரும்புமா என்று ஆளுக்கு ஒரு ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் டாக்டர் பாதி நாள் மலை முகாமில் காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போய்விடுவார். அந்த நாட்களில் ஆஸ்பத்திரி என்பது ராவுத்தரும் நானும்தான்.

நான் அப்போது தகுதி பெறாத மருத்துவச்சி. புரட்டாசியில் மதுரைக்குப் போய், வெள்ளைக்கார டாக்டர் துரையின் முன்னால் வாய்ப் பரீட்சை கொடுத்துத் தேற வேண்டும். குழந்தை பிறக்கிற வழி தெரிந்தால் போதாது, அதற்கு அக்கம்பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கம்பக்கம் என்றால் முதல் இடம் மூத்திர உறுப்புகளுக்கு. ராவுத்தரும் மேல்படி உத்தியோகத்துக்கு அதே புரட்டாசியில் அதே பாடத்தைச் சொல்லியாக வேண்டும். ஆக இரண்டு பேரும் ஒரே பாடத்தில் தத்தளித்தோம்.

நாலு உறுப்பு, நாற்பது பெயர்

மொத்தம் நான்கு உறுப்புகள்தான். கிட்னி, அதிலிருந்து நீர் இறங்கும் குழாய் யூரிட்டர், மூத்திரப்பையாகிய பிளாடர், வெளியே விடும் குழாய் யூரித்ரா. பரீட்சைக்கு இவை. டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கம். அவர் வாயில் பிளாடர் 'மூத்திராசயம்' ஆகிவிடும். நாட்டு வைத்தியர்கள் வழியை நீர்த்தாரை என்பார்கள், நோயை நீர்க்கட்டு, கல்லடைப்பு என்பார்கள். கறிக்கடையில் கிட்னிக்குப் பெயர் குண்டிக்காய்.

இப்போது பள்ளிப் புத்தகங்களில் 'சிறுநீரகம்' என்று பார்க்கிறேன். நல்ல சொல். அந்தக் காலத்தில் எங்கள் ஜன்னலில் நின்று சொல்லியிருந்தால், அது யாருடைய வீடு என்று கேட்டிருப்பார்கள்.

வரிசையில் நிற்கும் பெண்களோ இந்தப் பெயர்களில் ஒன்றையும் சொல்லமாட்டார்கள். தொப்புளுக்குக் கீழே இருப்பதெல்லாம் அவர்களுக்கு 'அடிவயிறு'. கல்லாக இருந்தாலும் கர்ப்பமாக இருந்தாலும் அடிவயிறுதான். அதையும் சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். ஆண்கள் முன்னால் அதுவும் கிடையாது.

என் வீட்டுக்காரர் எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் கேப்பைக்களி கிண்டிக்கொண்டே பாடத்தை ஒப்பிப்பேன். ஒருநாள் வட்டிலைத் தள்ளிவைத்துவிட்டு, "எல்லாத்தையும் சொல்லு சவரியம்மா. மூத்திரப்பைய மட்டும் சாப்பிட்டப்புறம் சொல்லு" என்றார்.

கறிக்கடையில் ஒரு பாடம்

சொல் மனத்தில் ஏறியது, உறுப்பு ஏறவில்லை. யூரிட்டர் எங்கே பிளாடருக்குள் நுழைகிறது என்று ராவுத்தர் என்னைக் கேட்டார். மேலே என்றேன். ஓடை வந்து கண்மாயில் விழுவதைப்போல மனத்தில் ஒரு படம். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். புத்தகம் கீழே என்றது.

மறுநாள் ராவுத்தர் கறிக்கடைக்குப் போனார். கூடவே நானும். அந்தக் கடைக்காரர் அவருக்குச் சொந்தம்.

"குண்டிக்காய் ரெண்டு, அதுல இருந்து வர்ற குழாய் ரெண்டு, கீழே இருக்கிற பை, எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து அறுபடாம வேணும் மச்சான்."

கடைக்காரர் கத்தியை நிறுத்தினார். "சமைக்கவா, பாத்தியா ஓதவா?"

"படிக்க."

"ஆட்ட வச்சா? நடத்துங்க. எங்க மச்சான் பரீட்சையில தேறுனா இந்த ஆட்டுக்கும் ஒரு பட்டம் குடுக்கச் சொல்லுங்க தாயி."

ஆஸ்பத்திரிப் பின்பக்கம் வாழையிலையை விரித்து அதன்மேல் வைத்தோம். கொழுப்பை நீக்கினால், வெள்ளை நூல்போல இரண்டு குழாய்கள். ராவுத்தர் பீச்சாங்குழலால் ஒரு குழாயின் மேல்நுனியில் நீல மை கலந்த தண்ணீரை விட்டார். மெல்ல மெல்லப் பை உப்பியது. குழாய்கள் நுழைகிற இடம் கீழேதான்; அதுவும் நேராக இல்லை, சுவருக்குள் சாய்வாகப் புகுந்து போகிறது. பையை நான் பிடித்து அமுக்கினேன். ஒரு சொட்டுகூட மேலே திரும்பவில்லை.

"பாத்தியா தங்கச்சி," என்றார் ராவுத்தர். "வந்த வழியில திரும்பிப் போக விடாது. போறதுக்கு ஒரே வழி, கீழ்வழி."

"அந்தக் கீழ்வழி அடைச்சுக்கிட்டா?"

"மேல ஊறிக்கிட்டேதான் இருக்கும். பை தாங்குற வரைக்கும் தாங்கும்."

குண்டிக்காய் இரண்டையும் மை படாமல் அறுத்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். மிளகு போட்டு வறுத்தார்களாம். பாடத்தில் எங்களுக்கு ஒன்றும் வீணாகவில்லை.

"எனக்குத்தான்"

இனி ஜன்னலுக்கு வருவோம்.

ராவுத்தரிடம் ஒரு வழக்கம் உண்டு. மருந்தின் முதல் மடக்கை வாங்கியவர் ஜன்னலிலேயே குடித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கசப்பு என்று செடிக்கு ஊற்றிவிடுவார்கள். சுருளியாண்டி இரண்டு தடவையும் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு குடித்தார். மருந்து நல்ல மருந்துதான் என்பதற்கு அந்தக் குப்பியே சாட்சி.

அப்படியானால் அடைப்பு யாருக்கு?

நான் ஜன்னலை விட்டு வெளியே போய், அவரை மரத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டேன்.

"அண்ணே, மருந்து யாருக்கு?"

"எனக்குத்தான் தாயி."

"நீங்க நல்லா இருக்கீக. குப்பியே சொல்லுது. வீட்டுல யாருக்கு?"

அவர் வரிசையை ஒருமுறை பார்த்தார். அன்று ஆடிச் சனிக்கிழமை. குச்சனூர்ச் சனீஸ்வரனைக் கும்பிடப் போகிறவர்கள் வழியில் அப்படியே மருந்தும் வாங்கிப் போக வந்திருந்தார்கள்.

"மாமன் மச்சினன் பூராம் நிக்கிறாக. அதுல போய் என் வீட்டுப் பொம்பளைக்கு இன்னதுன்னு எப்படித் தாயி வாயத் திறக்க? ஆம்பளைக்கு நீர்க்கட்டுன்னா சூடுன்னு விட்டுருவாக. அதான் எனக்குன்னேன்."

"மாசமா இருக்காகளா?"

"நாலு. ஆனா வயிறு ஏழு மாசம் மாதிரி இருக்கு. ரெட்டைப் புள்ளைன்னு எங்க ஆத்தா சொல்லுச்சு."

"முந்தி குடுத்த மருந்தை என்ன பண்ணுனீக?"

"அதுக்குத்தான் குடுத்தேன். பூராம் குடிச்சிருச்சு."

ஆட்டுப் பை என் கண்ணுக்குள் உப்பியது. கீழ்வழி அடைத்திருக்கிறது, நாங்களோ மேலே ஊறுவதற்கு மருந்து கொடுத்திருக்கிறோம். பை தாங்காவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. டாக்டரை மலையிலிருந்து கூப்பிட்டுவர மறுநாள் ஆகும்.

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். ராவுத்தர் பெண்களுக்கு நீர் வடிக்கிற வெள்ளிக் குழாயை எடுத்துத் துணியில் சுற்றினார். விரல் நீளம்தான் இருக்கும், நுனி சற்றே வளைந்தது. மதுரையில் நர்ஸ் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒரு தடவை பயன்படுத்தியிருக்கிறேன். தனியாக இல்லை.

"கை நடுங்குது அண்ணே," என்றேன்.

"வண்டியில போகையில நடுங்கி முடிச்சிரு," என்றார்.

சின்னமனூர்ப் பாதை முழுக்கக் கோயில் கூட்டம். எள்ளு தீபமும் காக்கைக்குச் சோறுமாக ஜனம் ஊர்ந்துகொண்டிருந்தது. சுருளியாண்டி வண்டியில் எழுந்து நின்று, "வழிய விடுங்கப்பா, ஆஸ்பத்திரி அம்மா வர்றாக" என்று கத்தினார்.

கூட்டத்தில் ஒருவர், "யாருக்கு என்னலே?" என்றார்.

"எனக்குத்தாப்பா முடியல," என்று சொல்லிவிட்டு மாட்டின் வாலை முறுக்கினார்.

அந்த மனிதர் வாயைப் பிளந்து நின்றதை வண்டியின் பின்பக்கமிருந்து பார்த்தேன். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. கை நடுக்கம் நின்றது அப்போதுதான்.

கிடா வெட்டும் பையும்

நாகம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. சுவரில் சாய்ந்து, காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் கிடந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. தண்ணீர் குடித்தால் வலி கூடுகிறது என்று செம்பையே தள்ளிவைத்திருந்தாள். வயிற்றைத் தொட்டேன். மேளத்தோல்போல விறைத்திருந்தது.

நான்காம் மாதத்தில் சிலருக்குக் கருப்பை பின்பக்கம் சாய்ந்து இடுப்புக்குள் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் நீர் போகிற வழியை நெரிக்கும். பாடத்தில் இரண்டு வரி. அந்த இரண்டு வரி எதிரே கிடந்தது.

துணியைப் பிரித்தேன். குழாயைப் பார்த்ததும் நாகம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு வலியிலும் அந்தப் பிடி இரும்புப் பிடி.

"வேணாம்க்கா. புள்ளையக் குத்திரும்."

மாமியாரும் கதவை மறித்து நின்றார். "செத்தாலும் என் பேரனோட சாகட்டும். கம்பிய உள்ள விட விடமாட்டேன்."

"இது புள்ளைகிட்டயே போகாது ஆத்தா. மூத்திரப்பைக்குத்தான் போகும்."

"அடிவயித்துக்குள்ள விட்டா புள்ள மேல படாம வேற எங்கன போகும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கிலீஷிலும் தமிழிலும் நான் நெட்டுருப் போட்ட நான்கு பெயர்களில் ஒன்றுகூட அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஒரே ஒரு பை. அதில்தான் பிள்ளையும் கிடக்கிறது, நீரும் நிற்கிறது.

கையை விடுவித்துக்கொள்ளாமலே கேட்டேன். "நாகம்மா, சாமிக்குக் கிடா வெட்டுறப்ப குடலு கழுவியிருக்கியா?"

வலியோடு தலையை ஆட்டினாள்.

"குடலுக்குக் கீழ ஒரு பை வருமே. சின்னப் பயலுக காத்து ஊதி விளையாடுவாங்களே."

"ஆமா. மூத்திர நாத்தம் அடிக்கும்."

"கிடாவுக்குப் புள்ள உண்டா?"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "கிடாவுக்கு ஏதுக்கா புள்ள?"

"புள்ள இல்லாத கிடாவுக்கே அந்தப் பை இருக்கில்ல. அது நீருக்குன்னே இருக்கிற பை. நீர்ப்பை. உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு, இந்தா நிக்கிறாகளே உன் மாமியா, அவகளுக்கும் இருக்கு. பிள்ளைப்பை அதுக்குப் பின்னாடி தனியா இருக்கு. வாசலும் வேற வேற. இந்தக் குழாய் நீர்ப்பைக்குள்ள மட்டுந்தான் போகும்."

"ரெண்டு பையா?"

"ரெண்டு பை."

நாகம்மா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். பிறகு நாகம்மா என் மணிக்கட்டை விட்டாள்.

கார்பாலிக் தண்ணீரில் கையையும் குழாயையும் கழுவினேன். வாசலுக்கு வெளியே சுருளியாண்டி மாட்டை அதட்டுகிற குரல் கேட்டது. மாடு சும்மாதான் நின்றிருக்கும்.

குழாய் உள்ளே வழுக்கிப் போனது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு மண்சட்டியில் அந்தச் சத்தம். மதுரையில் சொல்லிக்கொடுத்தபடி, பாதியில் விரலால் அடைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி திறந்தேன். ஒரேயடியாக வடித்தால் மயக்கம் போட்டுவிடும். சட்டி நிறைந்தது. மாமியார் இன்னொன்று கொண்டுவந்து வைத்தார். அதுவும் நிறைந்துகொண்டு வந்தது.

"ஏ ஆத்தா, இம்புட்டையும் எங்கன வச்சிருந்த?" என்றார் மருமகளிடம். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததாக எனக்குப் பட்டது.

நாகம்மாவின் முகம் தளர்ந்து, கண் தானாக மூடியது.

மாமியார் திடீரென்று அலறினார். "வயித்தக் காணமே. தண்ணியோட என் பேரனும் போயிட்டானே."

வயிறு உண்மையிலேயே தட்டையாகிவிட்டிருந்தது. நாகம்மா பதறி எழப்பார்த்தாள். அவளைப் படுக்கவைத்து, குப்புற முழங்காலும் முழங்கையும் ஊன்றி இருக்கச் சொன்னேன். இடுப்புக்குள் சிக்கியிருந்தது அந்த நிலையில்தான் மேலே ஏறும். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு மல்லாத்திப் படுக்கவைத்து, அவள் கையை எடுத்து அடிவயிற்றில் வைத்து மெல்ல அழுத்தினேன். உள்ளே தேங்காய் அளவுக்கு, கெட்டியாக, உருண்டையாக ஒன்று.

"இதுதான் பிள்ளைப்பை. நாலு மாசத்துக்கு இம்புட்டுத்தான் இருக்கும்."

அவள் கையை எடுக்கவே இல்லை. மாமியாரும் வந்து தன் கையை அதன்மேல் வைத்தார். "ரெட்டைப் புள்ள இல்லையா அப்ப?" என்றார் கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

ஒரு வாரம் முழுக்க அங்கேயே தங்கினேன். மறுபடி அடைக்கவில்லை. தை மாதம் ஆண் குழந்தை பிறந்தது. மலைத் தண்ணீர் கிழக்கே திரும்பி நம் பக்கம் வந்தது அதற்கு அடுத்த ஐப்பசிக்கு முன்பா பின்பா என்று அந்தப் பையனிடமே கேட்டேன். அவனுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். தெரியாது என்றான். ஆகவே வருஷத்தை மறுபடியும் கூடலூர் வாசகருக்கே விட்டுவிடுகிறேன்.

புரட்டாசிப் பரீட்சையில் துரை என்னிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, யூரிட்டர் பிளாடருக்குள் எப்படி நுழைகிறது என்பது. கீழே, சாய்வாக, சுவருக்குள் புகுந்து, திரும்பிப் போகாதபடி என்றேன். எங்கே படித்தாய் என்றார். உத்தமபாளையம் கறிக்கடையில் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. நான் தேறினேன், ராவுத்தரும் தேறினார். ஆட்டுக்குப் பட்டம் கொடுக்கவில்லை.

முதல் மடக்கு

அதற்குப் பிறகு ஜன்னலில் ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. எந்த ஆண் வந்து எனக்கு இன்னது என்றாலும், ராவுத்தர் கண்ணை இடுக்கிக்கொண்டு, "உனக்கா? சத்தியமா உனக்கா?" என்று கேட்பார். மண்டையில் அடிபட்டு ரத்தம் ஒழுக வந்த ஒருவரிடமும் கேட்டார்.

அடுத்த ஆடி. மறுபடியும் சனிக்கிழமை, மறுபடியும் குச்சனூர்க் கூட்டம். வரிசையில் சுருளியாண்டி. அவருக்குப் பின்னால், இடுப்பில் குழந்தையோடு நாகம்மா.

ராவுத்தர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாப்பா கண்மாய்க்காரரே. இன்னைக்கு யாருக்கு?"

சுருளியாண்டி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அதே மாமன், அதே மச்சினன். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

நாகம்மா குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு முன்னால் வந்தாள். சேலை முந்தி வாய்க்குப் போகவில்லை, தோளில்தான் இருந்தது.

"எனக்குத்தான். நீர்ப்பையில எரிச்சல். பிள்ளைப்பை நல்லாத்தான் இருக்கு."

சுருளியாண்டி தன் மகனின் அரைஞாண் கயிற்றை மும்முரமாகச் சரிசெய்ய ஆரம்பித்தார். நான் உள்ளே அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ராவுத்தர் ஒன்றும் நடக்காததுபோல மருந்தை அளந்து குவளையில் ஊற்றி ஜன்னல் கட்டையில் வைத்தார். "முதல் மடக்க இங்கனயே குடிக்கணும்."

பழக்க தோஷத்தில் சுருளியாண்டியின் கை நீண்டது. நாகம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டு, குவளையை எடுத்து, ஒரே மூச்சில் குடித்தாள்.